அச்வத்தாமாவுக்குக் கிடைத்த தண்டனை

தில்லைத் திருச்சித்ரகூடத்தில் பள்ளிகொண்டருளும் ஸ்ரீகோவிந்தராஜப் பெருமாளை ஸேவிக்க வரும் ஆஸ்திகர்கள், குலசேகராழ்வார் இத்திவ்யதேசத்திற்கென்று அருளிச்செய்த பதிகத்தில் ஸ்ரீராம சரிதம் முழுவதையும் அடக்கி வைத்திருப்பதை அறிவார்கள். அச்சரிதத்தில் ராவணன் வீழ்ந்தபின், அவனுக்கு ஈமக்கடன் செய்ய விபீஷணன் தயங்கி நிற்கிறான். பகை அவனுடைய உயிரோடு தீர்ந்தது என்று சொல்லி அக்கடனைச் செய்விக்கிறார் சக்ரவர்த்தித் திருமகனார். தாரத்தைக் கவர்ந்தவனிடத்திலும் தண்டனை இவ்வளவோடு நிற்க வேண்டும் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

இவ்வெல்லையை இன்னும் விரிவாகக் காட்டும் இடம் ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில் இருக்கிறது. பாரதப் போர் முடியும் தறுவாயில், துரோணரின் குமாரனான அச்வத்தாமா, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகள் ஐவரையும் தலை துணித்துக் கொன்றான். விழித்திருப்பவனோடு பொருவது போர். உறங்குபவனைக் கொல்வது கொலை. புத்திரசோகத்தால் கதறும் திரௌபதியிடம், அவன் தலையைக் கொண்டுவந்து உன் காலடியில் வைப்பேன் என்று அர்ஜுனன் சபதம் செய்தான். கண்ணன் தேரோட்ட, துரத்திச் சென்று பிடித்து, யாகப்பசுவைக் கட்டுவதுபோல் கயிற்றால் கட்டினான்.

கவனிக்க வேண்டியது இதன்பின் நடந்ததேயாகும். இவனை இங்கேயே கொன்றுவிடு என்று கண்ணன் கூறுகிறான். தர்மத்தில் அர்ஜுனனுடைய உறுதியைச் சோதிக்கவே அப்படிச் சொன்னான் என்று பாகவதமே தெரிவிக்கிறது. மகனை இழந்த தகப்பனின் கையில் வில் இருக்கிறது, எதிரே குற்றவாளி கட்டுண்டு கிடக்கிறான், ஏவுபவனோ பகவான். ஆயினும் அர்ஜுனன் கொல்லவில்லை. பாசறைக்குக் கொண்டுவந்து அனைவர் முன்னிலையிலும் நிறுத்தினான். திரௌபதி, நான் அழுவதுபோல் இவனைப் பெற்றவளும் அழவேண்டாம், அவிழ்த்து விடுங்கள் என்றாள். கொல்லத்தான் வேண்டும் என்றான் பீமன். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. கண்ணன் இரண்டையும் தள்ளாமல், இருவர் மனமும் நிறையும்படி ஒரு முடிவு செய் என்றான். அர்ஜுனன் அவனுடைய சிகையை அறுத்து, பிறவியிலேயே தலையில் இருந்த மணியைப் பறித்து, பாசறையினின்றும் துரத்தினான். குற்றத்திற்குத் தண்டனை உண்டாயிற்று, உயிர் மிஞ்சிற்று.

மகாபாரதத்தின் ஸௌப்திக பர்வத்தில் இக்கதை வேறுவிதமாக வருகிறது. அங்கே அவனைக் கொல்லும்வரை எழுந்திரேன் என்று உண்ணாமல் கிடப்பவளே திரௌபதிதான். பெற்ற வயிற்றின் கோபத்தை வியாஸர் மறைக்கவில்லை. கோபம் வருவது குற்றமன்று. அக்கோபத்தின் கையில் கத்தியைக் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி, இந்தக் கடலூர்ச் சீமையிலேயே ஒரு வழக்கு நடந்தது. 1993ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலைய எல்லைக்குள் ஒரு வீட்டில் நகை களவு போயிற்று. நகையைப் பறிகொடுத்தவரின் முறையீடு நியாயமானதே. ஆனால், முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் குலத்து ஏழைத் தொழிலாளி ஒருவரைக் காவலர்கள் சந்தேகத்தின்பேரில் பிடித்துச் சென்று, உண்மையை வரவழைப்பதாக எண்ணி அடித்ததில் அவர் உயிர் நீத்தார். தப்பி ஓடிவிட்டார் என்று சொல்லப்பட்டது. உடலோ பக்கத்து மாவட்டத்தில் கிடந்தது. களவை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் கொலையில் முடித்தார்கள்.

அவருடைய மனைவியின் துக்கம் திரௌபதியின் துக்கத்திற்குக் குறைந்ததன்று. அவ்வம்மை அரிவாளைத் தேடவில்லை. சென்னைக்குப் போய் வழக்கறிஞரைத் தேடினார். அந்நாளில் வழக்கறிஞராக இருந்தவரும் 2006இல் உயர் நீதிமன்ற நீதிபதியானவருமான கே. சந்துரு அவருக்காக ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். ஓர் ஆளைப் பிடித்து வைத்திருப்பவர், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று கோரும் மனு அது. உண்மை சிறிது சிறிதாக வெளிப்பட்டது. காவலர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது 2006ஆம் ஆண்டில். பதின்மூன்று ஆண்டுகள்! இவ்வளவு காலம் ஏன் என்று கேட்பது முறையே, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அத்தண்டனை இன்னொரு பழிக்கு வித்தாகவில்லை. 2021இல் 'ஜெய் பீம்' என்ற திரைப்படமாக உலகம் கண்டது இவ்வழக்கின் வரலாற்றையே.

காவலர் மட்டுமா இப்படித் தவறுவது? யாத்திரிகர்களுக்கு நேரே தொடர்புடைய துயரம் ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்ற ஒரு குடும்பத்தினர் வழி கேட்க நின்றார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி கைப்பேசி வழியே பரவியிருந்த சமயம் அது. கூட்டம் கூடி அடித்ததில் அறுபது வயது கடந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே நினைத்திருப்பார்கள். வந்தவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டு விசாரிக்கக் கால்நாழிகை போதுமாயிருந்தது.

கடலூருக்கு அணித்தான திருவஹீந்திரபுரத்திலும் சரி, தில்லையிலும் சரி, உத்ஸவக் கூட்டத்தில் கழுத்துச் சங்கிலி அறுப்பவனும் பை திருடுபவனும் வரத்தான் செய்வார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனைத் தடுத்து நிறுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, அவ்வாறு பிடித்தவர் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்திற்குள், அவனைக் காவல்துறையினரிடம் ஒப்படைக்க வேண்டும். காவலரும் அரசியல் சட்டத்தின் 22ஆம் விதிப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவனை நடுவர் முன் நிறுத்தக் கடமைப்பட்டவர்கள். அடிப்பதற்கு எந்த நேரமும் ஒதுக்கப்படவில்லை.

குற்றங்களை எதிர்த்து முன்நிற்கும் அன்பர்கள் மற்றொன்றையும் எண்ண வேண்டும். தேரடியில் திருடன் அகப்பட்டால் அடிக்க நூறு கைகள் நீளுகின்றன. பிறகு சாட்சி சொல்ல ஒருவர் கிடைப்பது அரிதாகிறது. சாட்சியில்லாத வழக்கு நிற்பதில்லை. அவன் அடுத்த உத்ஸவத்திற்கும் வருகிறான். பிடித்தவரும் பார்த்தவரும் பறிகொடுத்தவரும் காவல் நிலையத்தில் பெயரும் முகவரியும் கொடுத்து, கண்டதை மட்டும் கண்டபடி எழுதிக்கொடுத்துச் செல்லலாம். சில மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ நீதிமன்ற அழைப்பாணை வீடு தேடி வரும்போது, பெருமாள் திருநாளுக்குப் புறப்பட்டு வந்ததுபோலவே அன்றும் ஒருநாள் புறப்பட்டு வரவேண்டியிருக்கும்.