கொக்கு ஈயும் அதன் போலியும்

நீர்க்கரையின் நிழலில் நெடுங்கால்களைத் தொங்கவிட்டுப் பறக்கும் ஈயைப் பெரியதொரு நுளம்பென்றே பலரும் கொள்வர். விலங்கியல் பயிலும் மாணவரோ அதனைத் திப்புலிடே என்னும் கொக்கு ஈக் குடும்பத்திற் சேர்த்து அமைவர். இவ்விரண்டிலும் அடங்காத சிறு குடும்பமொன்று உண்டு. திக்கொப்தெரிடே எனப்படும் அதனை இனங்காணுமாற்றை ஈண்டு நோக்குவோம்.

கால்களே முதலிற் கண்ணைக் கவர்வன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் பித்தகொமோர்பா கிளாவிப்பெசு என்னும் இனத்திற்கு 1781 இல் பபிரிசியசு பெயரிட்டார். அதன் கால்களில் கருமையும் வெண்மையும் மாறிமாறி அமைந்துள்ளன; பாதத்தின் முதற்கணு வீங்கி, உள்ளே அகன்ற வாதனாளிகளைக் கொண்டது. கால்களை விரித்து அது காற்றில் மிதக்குங்கால், நிழலில் வெண்பட்டைகள் மாத்திரமே தோன்றி மறையும். பேயுருவோடு ஆங்கிலேயர் அதனை ஒப்பிட்டது பொருத்தமே. ஆயினும் இவ்வழகை நம்பி வகைப்படுத்தப் புகுதல் தகாது. ஐரோப்பாவிற் காணப்படும் திக்கொப்தெரா இனங்களுக்கு இத்தகைய பட்டைக்கால்கள் இல்லை. மேலும், சேகரித்த மாதிரிகளில் முதலில் முறிந்து வீழ்வனவும் கால்களே.

ஆதலின் செட்டையைக் கைவில்லையால் நோக்குக. கொக்கு ஈயின் செட்டையில் இரு குத நரம்புகள் விளிம்பை எட்டும். இக்குடும்பத்திலோ ஒன்றே எட்டும். எண்ணும்பொழுது அவதானம் வேண்டும். செட்டையில் நீளவாக்கில் ஓடும் மடிப்புகள் நரம்புபோலத் தோன்றி மயக்கும். 'மடிப்புச் செட்டை' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் இதற்கு அமைந்ததும் அம்மடிப்புகளாலேயே. ஐயம் எஞ்சினால், பின்செட்டைக்கு ஈடாயமைந்த சமனிக் குமிழின் அடியைப் பார்த்தல் வேண்டும். ஆங்கே சிறு மடலொன்று இருப்பின் ஐயம் நீங்கும். கொக்கு ஈக்கு அம்மடல் இல்லை. நுளம்பைப் பிரித்தறிதல் எளிது: அதன் செட்டை நரம்புகளிற் செதில்கள் உள, குத்தி உறிஞ்சும் நீள்துதிக்கையும் உண்டு. நாம் கூறும் ஈ எவரையும் கடிப்பதில்லை.

குடம்பி அழுகும் இலைகள் செறிந்த ஆழமற்ற சேற்றில் வாழும். வாலிறுதியில் நீட்டவும் சுருக்கவும் இயலும் நெடிய சுவாசக்குழாயை நீர்மட்டத்திற்கு உயர்த்திக் காற்றைப் பெறும். வாலை மாத்திரம் கண்டோர் இதனை எரிசுத்தாலிசு என்னும் ஈயின் எலிவாற்புழுவென மயங்கலாம். அப்புழுவிற்குத் தலையோடு புலப்படாது. இதற்கோ முழுமையான தலையோடு உண்டு. கூட்டுப்புழுவின் சுவாசக் கொம்புகள் இரண்டனுள் ஒன்று மாத்திரம் மிக நீண்டு வளரும். மற்றையது குட்டையாகவே நின்றுவிடும்.