சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து வாருங்கள்

"எந்நேரமும் செல்லுதான் டாக்டர். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள வெச்சுப் பார்ப்பான். அதான் கண் நரம்பு செத்துப்போச்சு."

இருபத்து நான்கு வயது மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. மகன் தலை நிமிரவில்லை. அவனுக்கு வலது கண்ணில் நடுவே ஒரு சின்ன வட்டம்தான் தெரிகிறது. இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 40-ஐத் தாண்டியிருந்தது. "கண்ணுக்கு ஏதாவது மருந்து விடுறியா?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

பள்ளியில் படித்த காலத்திலிருந்து வெயில் வந்தால் அவனுக்குக் கண் அரிக்கும். ஒருமுறை ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அரிப்பு உடனே அடங்கியது. அதன்பிறகு டாக்டரிடம் போகவே இல்லை. காலி பாட்டிலை மெடிக்கலில் காட்டி அதே மருந்தை வாங்கி வாங்கி ஆறு வருடம் விட்டிருக்கிறான். அது ஸ்டீராய்டு. அவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாய் ஆறு வருடமும் செல்போனைப் பிடுங்குவதற்காகவே மகனோடு சண்டை போட்டிருக்கிறார். அந்த பாட்டில் தீர்ந்தால், ஐயோ பாவம், அவரே போய் வாங்கி வந்திருக்கிறார்.

செல்போன் வெளிச்சம் கண் நரம்பைக் கொன்றுவிடும் என்ற இந்த வதந்தியை நான் கேட்காத இடமில்லை. கல்யாண வீட்டில் கேட்கிறேன், பள்ளி ஆண்டு விழா மேடையில் கேட்கிறேன், வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை எனக்கே வருகிறது. பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கோபம் வருகிறது. திருடன் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருக்க, வீடே வாசலில் நின்று வழிப்போக்கனைப் பிடித்து உலுக்கினால் எப்படி இருக்கும்?

பார்வை நரம்பு என்பது பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் சேர்ந்த ஒரு கயிறு. விழித்திரையில் கிளம்பி, கண்ணின் பின்சுவரில் உள்ள சல்லடை போன்ற துளைகள் வழியாக வெளியேறி, மூளைக்குப் போகிறது. இந்த இழைகள் அறுந்தால் திரும்ப முளைப்பதில்லை. செல்போன் திரையிலிருந்து வருவது வெறும் வெளிச்சம். வெளிச்சத்தை வாங்குவதற்காகவே விழித்திரை இருக்கிறது. பகலில் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்தால் கண்ணுக்குள் போகும் நீல ஒளி, செல்போனிலிருந்து போவதைவிடப் பல மடங்கு அதிகம். வானத்தைப் பார்த்து எவருக்கும் நரம்பு சாகவில்லை. திரையைப் பார்த்ததால் நரம்பிழை செத்தது என்று நிரூபித்த ஓர் ஆய்வையும் இத்தனை வருடத்தில் நான் படித்ததில்லை.

வதந்திக்கு ஒரு வேர் உண்டு. 2016-ல் லண்டன் மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். இருட்டில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணைத் தலையணை மறைக்க, மறு கண்ணால் செல்போன் பார்த்தவர்கள் அவர்கள். பார்த்து முடித்ததும் அந்தக் கண்ணில் சில நிமிடங்கள் ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய் மருத்துவமனைக்குப் போனார்கள். சோதித்துப் பார்த்ததில் விஷயம் இவ்வளவுதான்: ஒரு கண் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தது, மற்றது இருட்டுக்குப் பழகியிருந்தது. உச்சி வெயிலிலிருந்து தியேட்டருக்குள் நுழைந்ததும் இருக்கை நம்பர் தெரியாமல் தடவுகிறோமே, அதேதான். நரம்புக்கு ஒரு கீறலும் இல்லை. 'தற்காலிகமாகப் பார்வை மங்கியது' என்று புறப்பட்ட செய்தி 'செல்போனால் குருடானாள்' என்று நம் கைக்கு வந்து சேர்ந்தது.

செல்போனுக்கு நான் நற்சான்று தரவில்லை. கண் உலர்ந்துபோகும், எரியும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். பிள்ளைகள் வெயிலில் விளையாடாமல் எந்நேரமும் எதையாவது கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டப்பார்வை வளரும். மைனஸ் ஆறைத் தாண்டிய கடும் கிட்டப்பார்வை பிற்காலத்தில் க்ளகோமா என்னும் கண் நீர் அழுத்த நோய்க்கு ஒரு காரணம்தான். அந்த வகையில் தொடர்பு உண்டு. அதற்கு மருந்து பிள்ளையைத் தினமும் மைதானத்துக்கு அனுப்புவது. செல்போனை மட்டும் பிடுங்கிவிட்டு டியூஷனுக்கு அனுப்பினால் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை.

இப்போது அந்த பாட்டிலுக்கு வருகிறேன்.

கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள நுண்ணிய வலை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு அந்த வலையை அடைக்கிறது. வரும் நீர் வந்துகொண்டே இருக்க, போகும் வழி குறுகுகிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் பின்சுவரின் சல்லடையில் நரம்பிழைகளை நெரிக்கிறது. இது எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. 1960-களில் அமெரிக்காவில் ஆர்மாலி, பெக்கர் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் தனித்தனியாக இதைச் சோதித்தார்கள். நல்ல கண் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டுகளைச் சில வாரங்கள் விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஏறியது. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மிகவும் ஏறியது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று யாருக்காவது க்ளகோமா இருந்தால் நீங்கள் அந்த ஐந்து பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு கூடுதல். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக ஏறும்.

இதில் கொடுமை, வலியே இருக்காது என்பதுதான். மெதுவாக ஏறும் அழுத்தம் வலிக்காது. நரம்பிழைகளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் போன பிறகே பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டில் குறை தெரிய ஆரம்பிக்கும். முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். "பார்வை நல்லா இருக்கு, கண்ணாடி வேண்டாம்" என்று கண்ணாடிக் கடையில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு ஒருநாள் பக்கவாட்டில் வந்த பைக் தெரியாமல் மோதுவார்கள். மருந்தை நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் இறங்கிவிடும். போன நரம்பு போனதுதான்.

மெட்ராஸ் ஐ பரவும் சமயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். ஆனால் மெடிக்கலில் "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்று கேட்டால், ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த பாட்டில் கைக்கு வருகிறது. மருந்தின் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். பல மருந்துகளில் அதற்கு டெக்ஸாமெத்தசோன் என்று அர்த்தம். சிவப்பு சட்டென்று குறையும். நல்ல மருந்து என்ற பெயர் வந்துவிடும். அந்த ஒரு பாட்டிலைப் பாட்டி முதல் பேரன் வரை வீடே விட்டுக்கொள்ளும். மிச்சம் ஃபிரிட்ஜ் கதவில் ஏறி, அடுத்த முறை கண் உறுத்தும்போது இறங்கும். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலை விடவே கூடாது என்பதுகூட யாருக்கும் நினைவில்லை.

இந்த மருந்துகள் அட்டவணை எச்-இல் உள்ளவை. 1945-ஆம் வருட விதிகளின்படியே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. லேபிளில் சிவப்புக் கோடும் இருக்கிறது. சட்டம் புதிதாக எதுவும் வேண்டாம். இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினால் போதும். மருந்துக் கடைக்காரர்களை எதிரிகளாக நினைத்து இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலர் நன்கு படித்தவர்கள். "இது ஸ்டீராய்டு, சீட்டு எடுத்துட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கண் பிழைக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. டாக்டர் பரிசோதித்து, அளவும் நாளும் குறித்து, அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு தரும் ஸ்டீராய்டு பல கண்களைக் காப்பாற்றுகிறது. இதைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்களும் நிறுத்த வேண்டாம். வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் வெளுக்கவென்று வாங்கி இமைவரை பூசும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் இன்றே தூக்கி எறியுங்கள்.

"க்ளகோமா வயசானவங்களுக்குத்தானே?" என்பார்கள். வயதானவர்களுக்கு அதிகம், சரி. நம் ஊரில் நடந்த சென்னை க்ளகோமா ஆய்வும் அரவிந்த் கண் ஆய்வும் நாற்பதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தவை. கிராமங்களில் நோய் இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பரம்பரையாக இளம் வயதிலேயே வரும் க்ளகோமாவும் உண்டு. அப்பாவுக்கு "கண்ணுல பிரஷர்" என்று மருந்து விடுகிறார்களா? அப்படியானால் உங்களுக்கு முப்பது வயதாகும்வரை காத்திருக்காதீர்கள்.

வேறு சில நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் கண் அழுத்தமும் சரியாக இருக்கும் என்பது தவறு. இரண்டும் வேறு. லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் கண் முழுசாகச் சரியாகிவிட்டது என்பதும் தவறு. லேசரில் கருவிழி மெலிந்துவிடுவதால் அழுத்தமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். லேசர் செய்துகொண்டதைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிரசாசனம் கண்ணுக்கு ரத்தம் பாய்ச்சும் என்று நம்புகிறவர்கள், அந்த நிலையில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று இந்தியக் கண் மருத்துவர்களே அளந்து காட்டியதைத் தெரிந்துகொள்ளட்டும். க்ளகோமா உள்ளவர்கள் தலைகீழாக நிற்க வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

செல்போன் பழி இன்னொரு விதத்திலும் கெடுதல் செய்கிறது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ள பெண்ணுக்கு ஒரு கண் இரண்டு மூன்று நாளில் மங்குகிறது, விழியை உருட்டினால் வலிக்கிறது, சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது. இது பார்வை நரம்பு அழற்சி. "செல்லைக் குறை" என்று வீட்டில் சொல்ல, பொன்னான நாட்கள் போகின்றன. இங்கும் மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை வந்து நிற்கிறது. வழக்கமான அளவில் அந்த மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடுதலாக இருந்தது என்று 1992-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லிவிட்டது. உடல் எடை கூடிய இளம்பெண்ணுக்குத் தீராத தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் சில நொடி இருட்டு என்றால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறி நரம்பு வீங்கியிருக்கலாம். முகப்பருவுக்குத் தரும் சில மாத்திரைகளும் இதைத் தூண்டும். அவளையும் செல்போனைக் காட்டித்தான் வீட்டில் உட்காரவைக்கிறார்கள்.

நரம்பைத் தாக்கும் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். டிபி மாத்திரை கண்ணைக் குருடாக்கும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு: நிறுத்தாதீர்கள். அந்தக் கூட்டு மருந்தில் எத்தாம்பூட்டால் என்ற ஒன்று, முக்கியமாக அளவு கூடினாலோ சிறுநீரகம் சரியில்லாவிட்டாலோ, நரம்பைத் தாக்கக்கூடும். சிவப்பும் பச்சையும் குழம்பினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சரியான நேரத்தில் அந்த ஒரு மருந்தை அவர் மாற்றினால் பலருக்குப் பார்வை திரும்பும்.

கள்ளச் சாராயம் பற்றி விளக்கம் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் கலந்திருக்கும் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கடிக்கும் இடங்களில் ஒன்று பார்வை நரம்பு. ஒரே இரவில் கண் போகும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபிரிட்ஜ் கதவிலும் மகனின் பையிலும் இருக்கும் சொட்டு மருந்து பாட்டில்களை எடுத்து வெளிச்சத்தில் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், டைஃபுளுபிரெட்னேட் – இவற்றில் ஒன்று இருந்து, சீட்டு இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் யாராவது விட்டிருந்தால், அந்த பாட்டிலோடு பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் போங்கள். "கண் அழுத்தம் பாருங்க, நரம்பைப் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்து நிமிட வேலை.