வெளிநாடு செல்லுமுன் மருத்துவச் செலவையும் விசாரியுங்கள்



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகள் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். நோய் வந்தால் செலவு யாருடையது என்று கேட்பவர் குறைவு.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர், கர்ப்பிணியான மனைவியை விசிட் விசாவில் அழைத்துக்கொண்டார். குறைமாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸ் அவர் ஒருவருக்கு மட்டுமே. ஆஸ்பத்திரி பில்லுக்குக் கடன் வாங்கியது போக, மீதிக்கு நம் பைத்துல்மாலை நாடினார். தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ். கடன்தான் இன்னும் தீரவில்லை. இதே பிரசவம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றி நடந்திருக்கும்.

ஆகவே எந்த நாடானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் எடுப்பது யார்? அது யார் யாருக்குப் பொருந்தும்? எந்தெந்தச் செலவை ஏற்கும்?

நாட்டுக்கு நாடு பதில் மாறும். சவூதியில் தனியார் நிறுவனம், தொழிலாளிக்கும் அவருடன் இகாமாவில் வாழும் மனைவி மக்களுக்கும் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம். துபாயில் தொழிலாளிக்கு மட்டுமே முதலாளி கடமைப்பட்டவர். குடும்பத்தை அழைத்தால் அழைப்பவரே எடுக்க வேண்டும். சார்ஜா, அஜ்மான் போன்ற வட எமிரேட்டுகளில் 2025 ஜனவரி முதல்தான் தனியார் தொழிலாளிக்கு இது கட்டாயமானது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 டாலருக்கு முதலாளி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். மலேசியாவில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அந்நாட்டவர் 1 ரிங்கிட்டில் பார்க்கும் புறநோயாளி சிகிச்சைக்கு வெளிநாட்டவர் கூடுதல் கட்டணம் தர வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும், பல், கண், பிரசவச் செலவுகளுக்கும் பாலிசியில் இடமுண்டா என்று தனியாகக் கேளுங்கள். மாத்திரை எடுத்துச் செல்வோர் டாக்டர் சீட்டையும் உடன் வையுங்கள். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை இங்கே சாதாரணமாகத் தோன்றலாம். வளைகுடா விமான நிலையத்தில் அனுமதியின்றிப் பிடிபட்டால் சிறை வரை போகும்.

பத்தாம் வகுப்புத் தேறாமல் இசிஆர் பாஸ்போர்ட்டில் செல்வோருக்கு மத்திய அரசின் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஏஜெண்டிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். அது இருப்பதே தெரியாவிட்டால் குடும்பத்தார் எப்படிக் கேட்பார்கள்?

இங்கே இருக்கும் பெற்றோரையும் மறக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் விண்ணப்பித்து, அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்வது நம் மார்க்கம். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஜும்ஆ முடிந்ததும் நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு அதைக் கொண்டு வாருங்கள். வரி வரியாகச் சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்