பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் எரியும்? அளந்து பார்க்கும் முறை



சில வருடங்களுக்கு முன் என் குடோனில் காலி பிளாஸ்டிக் சாக்குகளைக் கூரை வரை அட்டி போட்டிருந்தோம். மேலே தொங்கிய 100 வாட் குண்டு பல்பு சாக்கில் உரசிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. லோடு இறக்க வந்த தம்பி நாற்றம் பிடித்து மெயினை அணைத்தார். மேல் சாக்கு உருகி ஒழுகியிருந்தது. தீப்பிடிக்கவில்லை, பிழைத்தோம்.

பிளாஸ்டிக் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, அதற்கு ஓர் எண் இருக்கிறது" என்றார். அதன் பெயர் ஆக்சிஜன் குறியீட்டு எண். 1966-இல் அமெரிக்காவில் ஃபெனிமோர், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்ட முறை. நின்ற கண்ணாடிக் குழாய்க்குள் பிளாஸ்டிக் துண்டை நிறுத்தி, கீழிருந்து ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்து விடுவார்கள். துண்டின் உச்சியில், மெழுகுவர்த்திக்கு வைப்பது போல, தீ வைப்பார்கள். ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்து, தீ அணையாமல் நிற்க எத்தனை சதவீதம் வேண்டும் என்று பார்ப்பார்கள். 3 நிமிடம் அல்லது 5 சென்டிமீட்டர் எரிய வேண்டும் என்பது கணக்கு.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். பாலிதீன், சாக்கு நெய்யும் பாலிபுரொப்பிலீன், தெர்மோகோல் மூன்றுக்கும் எண் 17, 18 அளவுதான். அதாவது பற்றிவிட்டால் குடோன் காற்றே போதும். பருத்தித் துணிக்கும் கிட்டத்தட்ட இதே எண்தான்! பி.வி.சி. குழாய்க்கு 40-க்கு மேல். ஆனால் ஒயருக்காக அதையே மிருதுவாக்கும்போது எண் இறங்கிவிடும். ஆகவே ஒயர் வாங்கும்போது எஃப்.ஆர். என்ற எழுத்தைப் பாருங்கள். அதற்குக் குறைந்தது 29 இருக்க வேண்டும்.

மின்சாமான் பிளாஸ்டிக்குக்கு வேறு சோதனை. துண்டைத் தொங்கவிட்டு, அடியில் பஞ்சு வைத்து, 10 வினாடி வீதம் இருமுறை தீ காட்டுவார்கள். ஒழுகும் சொட்டு பஞ்சைப் பற்றவைத்தால் முதல் தரம் கிடையாது. நம் சாக்குக்கும் அந்தச் சொட்டுதான் ஆபத்து. அடி அட்டிக்குத் தீயைக் கொண்டுபோவது அதுவே.

ஒன்று, இந்த எண் சாதாரண வெப்பத்தில் எடுத்தது. குடோனே சூடேறிவிட்டால் பெரிய எண்ணுள்ளதும் எரியும். பி.வி.சி. புகையில் அமில வாயு வேறு.

இப்போது விளக்குகளை நடைபாதைக்கு மேலே மாற்றி, அட்டியை 2 அடி இறக்கிவிட்டேன். பின்கட்டில் பழைய ஒயர்தான் ஓடுகிறது. தீபாவளிச் சரக்கு வருமுன் மாற்ற எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன்.