கடல் கடக்கும் செய்தி

சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உள்ளது. நெடுங்காலம் இத்தீவுகளின் அலுவலகங்கள் இணைய இணைப்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஒரு கோப்பை அனுப்பிவிட்டு நெடுநேரம் காத்திருப்பது அங்கு வழக்கம். 2020 ஆகஸ்டு 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய தொலைத் தீவுகளையும் அது இணைத்தது.

இதனால் வாட்சப் போன்ற உடனடிச் செய்திச் செயலிகள் பணியிடங்களில் எளிதாகப் புழங்கலாயின. தமிழில் வாட்சப்பைப் புலனம் என்றும் வழங்குவர். கேம்பல் பே மருத்துவமனையில் ஒரு கருவி பழுதாகிறது எனக் கொள்வோம். பணியாளர் அதனைப் படமெடுத்து அனுப்பினால், 500 கிலோமீட்டருக்கு அப்பால் போர்ட் பிளேயரில் இருக்கும் பொறியாளர் எந்த உறுப்பு தேவை என உடனே அறிந்துகொள்வார். பத்து வரிக் கடிதம் விளக்க இயலாததை ஒரு படம் விளக்கிவிடும்.

எனினும் அவ்வுறுப்பை வாங்கப் புலனச் செய்தி போதாது. எண்ணும் நாளும் கையொப்பமும் உடைய கடிதம் வேண்டும். அலைபேசியில் உள்ள செய்தி அதனை வைத்திருப்பவரோடு போய்விடும். அவர் பணிமாற்றம் பெற்றால், அடுத்து வருபவருக்குக் கோப்பு மட்டுமே துணை. பணிமாற்றம் என்பது மத்தியப் பள்ளி மாணவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று!

செய்தியின் கீழ்த் தோன்றும் இரட்டைக் குறி, அது மறுமுனை அலைபேசியைச் சேர்ந்தது என்பதையே காட்டும். அதன் நீல நிறம், திறக்கப்பட்டது என்பதைக் காட்டும். பெறுநர் பொருளை விளங்கிக்கொண்டார் என்பதற்கு எந்தக் குறியும் இல்லை. அவசர வேளையில் இது சிறிய குறையன்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் பல அறுந்தன. பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழுவொன்று, வேறொரு பணிக்காக அப்போது போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. தம் கருவிகளைக் கொண்டு அவர்கள் பெருநிலத்தோடு பேசினர். தவித்திருந்த உறவினர்களுக்கு நலச்செய்திகளைச் சேர்ப்பித்தனர். வானொலியில் பேசுவோர் ஒருவர் முடித்தபின்பே மற்றவர் தொடங்குவர். முதன்மையான செய்தியைக் கேட்டவர் திருப்பிச் சொல்வார்.

கப்பல்கள் இன்றும் வி.எச்.எப். வானொலியின் 16ஆம் அலைவரிசையைச் செவிமடுத்தபடியே செல்கின்றன. மாலுமிகளின் பணிநேரப் பட்டியல் புலனக் குழுவில் வரலாம். ஆபத்தில் எழும் அழைப்போ இவ்வலைவரிசையில் ஒலிக்கும். அருகிலுள்ள கப்பல்கள் அனைத்தும் அதனை ஒருசேரக் கேட்கும். எவருடைய அலைபேசி எண்ணும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சி

1. பொருள் எழுதுக: வடம், பெருநிலம், செவிமடுத்தல்.
2. கப்பல் புறப்பாடு ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டது. இதனைப் புலனச் செய்தியாக இரண்டு வரிகளிலும், அலுவலகக் கடிதமாக ஆறு வரிகளிலும் எழுதுக.