கிளட்ச்சும் பிளைவீலும்: சித்திரபுரம் ஏற்றத்தில் கற்ற பாடம்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது நண்பர் ஒருவரின் மகன் என்னிடம் வந்தான். முதல் சம்பளத்தில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். "மாமா, இதுக்கு ரேஸ் கிளட்ச்சும் எடை குறைஞ்ச பிளைவீலும் போடலாம்னு இருக்கேன். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. நம் பிள்ளைகள் பலருக்கும் இந்த ஆசை இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிளைவீல் செய்யும் வேலையைப் பார்ப்போம். குயவர் தம் சக்கரத்தைக் கோலால் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். கனமான சக்கரம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினின் பிளைவீலும் அப்படித்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு முறைதான் உந்துதல் பிறக்கும். இடைப்பட்ட நேரத்தில் எஞ்சின் நின்றுவிடாமல் இழுத்துச் செல்வது பிளைவீலின் சுழற்சி. கிளட்ச் தட்டு, பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே அழுந்தி, உராய்வின் மூலம் அந்தச் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொடுக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்தும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. புரியவைத்தது சித்திரபுரம். மூணாறுக்குப் பக்கத்தில், 1940-இல் மின் உற்பத்தி தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை ஒட்டிய மலையூர் அது. என் சித்தப்பா அங்கே டீசல் ஜீப் ஓட்டினார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டையும் இருக்கும். நான் கோயம்புத்தூரில் மெக்கானிக் வேலை பழகிவிட்டு விடுமுறைக்குப் போயிருந்தேன். பந்தய வண்டிகளுக்குப் பிளைவீல் எடையைக் குறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சித்தப்பாவை வற்புறுத்தி, ஜீப்பின் பிளைவீலைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கடைந்தேன்.

வெறும் வண்டியில் எஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை எட்டுப் பேரோடு ஓர் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது எஞ்சின் அணைந்துபோனது. ஜீப் பின்னால் உருண்டது. சித்தப்பா பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். உள்ளே இருந்த பெண்களின் அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. சித்தப்பா திட்டவில்லை. "பழையதையே போட்டுடுடா" என்றார். கடைந்ததை எப்படிப் பழையதாக்குவது? வேறு பிளைவீல் வாங்க என் மூன்று மாதச் சம்பளம் போயிற்று.

நடந்தது எளிய கணக்குதான். சுழலும் சக்கரத்தில் சேரும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிளைவீலின் சுழற்சி நிலைமத்தைப் பாதியாக்கினால், முன்பு நிமிடத்துக்கு 1000 சுற்றில் இருந்த ஆற்றலைப் பெற இப்போது ஏறக்குறைய 1400 சுற்று வேண்டும். ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் அதிக வேகத்தில் கிளட்ச்சை விட்டுப் பிடித்தால், தட்டு தேயும், கருகும். எடை குறைந்த பிளைவீல் எஞ்சின் சக்தியைக் கூட்டுவதில்லை. எஞ்சின் விரைவாக வேகம் எடுக்கவும் விரைவாக இறங்கவும் மட்டுமே உதவும். பந்தயப் பாதையில் அது லாபம். போக்குவரத்து நெரிசலிலும் மலையிலும் தொல்லை.

நான் செய்த இன்னொரு தவறு, வார்ப்பிரும்புப் பிளைவீலைக் கடைந்தது. மெலிந்த வார்ப்பிரும்பு அதிவேகத்தில் வெடித்துச் சிதறலாம். எடை குறைந்ததுதான் வேண்டும் என்றால், அதற்கென்றே எஃகில் செய்து சமநிலை பார்த்ததை மட்டும் வாங்க வேண்டும்.

கிளட்ச் தேர்வுக்கு வருவோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி, எஞ்சினின் முறுக்குவிசை எவ்வளவு என்பது. எஞ்சினை மாற்றவில்லை என்றால் கம்பெனி அளவிலான ஆர்கானிக் தட்டே போதும். முறுக்குவிசையைக் கூட்டியிருந்தால் அதைவிடச் சற்று அதிகம் தாங்கும் கிளட்ச் வேண்டும். செராமிக் தட்டு சூட்டைத் தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், நெரிசலில் வண்டி குலுங்கும். ஸ்பிரிங் பலம் மிகுந்த பிரஷர் பிளேட் காலுக்கும் கேபிளுக்கும் சுமை. இன்றைய பல டீசல் கார்களில் இரட்டை அடுக்குப் பிளைவீல் இருக்கிறது. அதற்குப் பதில் சாதாரணப் பிளைவீல் போட்டால் கியர் பெட்டியில் கடகடவென்று சத்தம் கேட்கலாம்.

கியர் பெட்டியை இறக்கும்போது தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பிளைவீல் முகத்தில் வெடிப்போ நீலம் பாய்ந்த இடமோ உண்டா, எஞ்சின் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். தட்டில் எண்ணெய் பட்டால் எவ்வளவு விலை கொடுத்ததும் வழுக்கும். பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். பல நாடுகளில் இத்தகைய மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "காரில் யாரைக் கூட்டிக்கொண்டு போவாய்?" "அம்மாவைக் கோயிலுக்கு, தங்கச்சியைக் காலேஜுக்கு" என்றான். அப்படியானால் கம்பெனி கிளட்ச்சே போடு என்றேன். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.