வாளா, வாச்சியா?

பழங்காலத்தை நடித்துக் காட்டுவதிலும் பழந்தொழில்களைக் கற்பதிலும் இளைஞருக்கு ஆசை பிறந்திருப்பது சந்தோஷமான விஷயந்தான். ஆனால் அந்தமானில் நம் பாராடாங்கில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு என்ன வித்தை பழகலாம் என்று ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கையில், சினிமா மோகத்தால் ஒரு சாராரும், 'ஜெட்டியில் வந்து இறங்குகிறவன் எதற்குக் காசு கொடுப்பானோ அதைப் படி' என்று பெற்றோர் செய்யும் நிர்ப்பந்தத்தால் மற்றொரு சாராரும், தமக்குச் சற்றும் பொருந்தாத வழியில் போய் விழுவதைக் காண்கிறேன்.

சிலம்பம், கூத்து, பாய் முடைதல், பிரம்பு வேலை, மரவேலை ஆகியவைதாம் நமக்கு எட்டக்கூடியவை என்பது எல்லோரும் அறிந்ததே. சிலம்பத்துக்கு வளைந்து கொடுக்கும் உடம்பும் கண்டிப்பான ஆசானும் போதும். தெருக்கூத்தோ விடிய விடியத் தாங்கும் தொண்டையைக் கேட்பது. புரிசை போன்ற ஊரில் போய்த் தங்காமல் அது வராது, ஆகவே கப்பல் செலவுக்கு வழியில்லாதவர் அதை ஒத்திப் போடலாம். பாய்க்குப் பத்தமடைதான் உரைகல். பிரம்புக்கும் மூங்கிலுக்கும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியேறிய கரேன் மக்களிடம் அந்தக் கைத்திறன் உண்டு.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது சோழப் போர்வீரன் வேஷத்தை. 2022-இல் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்ததிலிருந்து இந்த ஜுரம் தணியவில்லை. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபாரின் பெயர் வருவதும், 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு நம் கடல்வழியே நடந்ததும் தீவுப் பிள்ளைகளுக்குப் பெருமிதம் ஊட்டுவது இயல்பே. அந்தப் பெருமிதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உடுத்துவது வெல்வெட்டு அங்கியும், ஜிகினாக் கச்சையும், தகரக் கவசமும் அல்லவா? தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களை, புத்தகத்திலாவது ஒருமுறை நிதானமாகப் பார்த்தவன், தையல் காணாத ஆடையின் மடிப்பையும் அணிகலன்களையும் கண்டு, தன் வெல்வெட்டை மறுநாளே கழற்றி வைத்திருப்பான். வேஷத்துக்குக் கடன் வாங்கும் தகப்பனார் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சுற்றுலாப் பயணி காலையில் ஜிர்காடாங்கிலிருந்து கான்வாயில் வந்து, நீரிணையைக் கடந்து, சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டு, பிற்பகல் கான்வாயைத் தவறவிடக்கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே திரும்புகிறவன்; அவன் எப்பொழுது நின்று உம் பிள்ளையின் வாள்வீச்சைப் பார்க்கப் போகிறான்?

இதைவிடக் கேடான யோசனை, ஜாரவாப் பழங்குடியினரின் வேஷம் போடலாம் என்பது. அவர்கள் நம் அண்டை அயலார், கடந்துபோன காலத்தவர் அல்லர். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் காக்க ஏற்பட்டது; சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

என் அபிப்பிராயம் மரவேலையின் பக்கம், அதிலும் படகு வேலையின் பக்கம், சாய்ந்திருப்பதை மறைக்கப் போவதில்லை. தச்சர் வீட்டில் பிறந்தவன் வேறெப்படிச் சொல்வான்? 2025-இல் கார்வாரில் நம் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா என்னும் பாய்க்கப்பலை எண்ணிப் பாருங்கள். அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, கேரளத் தச்சர்கள் பாபு சங்கரன் தலைமையில் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தே அதைக் கட்டி முடித்தார்கள். பழங்காலத்தை நடித்துக் காட்டுவதென்றால் அதுவல்லவோ நடிப்பு! நம் ஊர் டிங்கி கட்டுகிற பெரியவர் ஒருவர் அருகில் அரைநாள் உட்கார்ந்தால், வாச்சியைத் தம் கால்விரல்களுக்கு முன்னே தாழ வீசி, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரே கனத்தில் சீவல் விழச் செய்வதையும், கண்ணால் அளப்பதற்குமுன் விரல் முட்டியால் பலகையைத் தட்டி ஓசை கேட்பதையும் காணலாம்.

அந்தக் காது ஒரு மழைக்காலத்தில் வந்துவிடாது. சிலருக்குக் கை முந்தும், சிலருக்குக் குரல் முந்தும். எது முந்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருஷ அப்பியாசம் வேண்டும், அதுவரையில் சான்றிதழ் எங்கே, சம்பளம் எங்கே என்று பெற்றோர் நச்சரிக்காதிருக்க வேண்டும். உளி தீட்டுவதிலேயே மாதங்கள் போகும், போகட்டும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டு மரத்தை மனம்போல் வெட்டுவதற்கில்லை. ஓடைக்கரைச் சதுப்புமரத்தில் கை வைக்கவே கூடாது. வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தறிந்த பிறகு, அறுவைப் பட்டறையில் கழிக்கும் படாக் துண்டுகளை விலைக்கு வாங்கி, முதலில் ஒரு துடுப்புச் செய்து பாருங்கள். அது கோணலாக வந்தால் அடுப்புக்கு ஆகும், அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளலாம்.